யாரும் ஏறாத நீலக் கார்

வந்தவர் அழுதுவிடுவார் போலிருந்ததால் டைப்ரைட்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். போன வாரம்தான் எண்ணெய் போட்டிருந்தேன்.

"கொலையா, திருட்டா?" என்று ராஜாங்கம் சார் ஆவலாகக் கேட்டார். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில், உரக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்ததிலிருந்து அவருக்கு ஒரு கொலைகூட வரவில்லை. காணாமல் போன ஆட்டையும், ஓடிப்போன சீட்டுக்காரரையும் தேடச் சொல்லித்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

"கார் வாங்கணுங்க. பழைய கார்."

சாரின் முகம் விழுந்துவிட்டது. "அதுக்குப் புரோக்கர்ட்ட போங்க."

"போயிட்டுதாங்க வரேன். அதான் பிரச்சினையே."

அவர் பெயர் தீனதயாளன். கடலூர்க்காரர், இங்கே டுட்டோரியலில் கணக்கு வாத்தியார். முன்பக்கம் தொப்பை, மேல்பக்கம் வழுக்கை. பார்த்தால் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் மனிதருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மலை மேல் கரியாலூரில் கடுக்காய், புளி வியாபாரம் செய்யும் கொளஞ்சியப்பனின் மகள் எழில்மதியை ஒரு விசேஷத்தில் பார்த்திருக்கிறார். அவள் டிராக்டர் ஓட்டுகிறவள், அப்பாவின் ஜீப்பை மலையில் ஏற்றி இறக்குகிறவள். அவளிடம் பேச வேறு எதுவும் கிடைக்காமல், "என்கிட்டகூட கார் இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

"இருக்கா?" என்றேன்.

"சைக்கிள் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். 'கார்லயே வாங்க, நான் ஓட்டிப் பாக்கணும். உக்காந்தா தூக்கம் வர்ற வண்டின்னா வேணாம், சிரிப்பு வரணும்' என்று அவள் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"புரோக்கர் ராசுகிட்ட ஒரு நீலக் கலர் ஹெரால்ட் கார் இருக்குங்க. அழகுன்னா அழகு. இன்ஜின் பட்டு மாதிரி ஓடுது. விலையைக் கேட்டா, உழவு மாட்டு ஜோடியே அதவிட ஜாஸ்தி. அதான் சந்தேகமா இருக்கு. அந்த வண்டியில இன்னா வில்லங்கம்னு கண்டுபுடிச்சுக் குடுங்க. மலை மேல போயி அது நின்னுதுன்னா என் வாழ்க்கையும் அதோட நின்னுடும்."

இந்தத் தடவை நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

சார் நாற்காலியை நகர்த்தி எழுந்தார். "விலை கம்மி, இன்ஜின் சுத்தம், பார்வைக்கு லட்சணம். மூணும் ஒரே இடத்துல இருந்தா நாலாவதா ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, கமலா."

"இதே மூணும் இருக்குன்னு சொல்லித்தான் எனக்கும் மாப்ள பாத்தாங்க சார்," என்றேன். "நாலாவதை நான் தினம் பாத்துக்கினுதான் இருக்கேன்."

* * *

புரோக்கர் ராசுவின் கொட்டகை கச்சேரி ரோட்டுப் பக்கம் இருந்தது. ஹெரால்ட் நடுவில் நின்றது. வானத்து நீலம். இரண்டே கதவு. மேல்கூரையை அறுத்துவிட்டு, மடக்கிப் பிரிக்கிற மாதிரி ரெக்சின் கூடாரம் போட்டிருந்தார்கள்.

"டாக்டர் வண்டி. ஒரே ஓனர்," என்றார் ராசு.

"கூரையை ஏன் அறுத்தாரு?"

"அவருக்குக் காத்து வேணுங்க."

நாங்கள் கூட்டிப் போன மெக்கானிக் இருசப்பன் பானெட்டைத் திறந்தார், காது வைத்துக் கேட்டார், கீழே படுத்துப் பார்த்தார். "சார், கோயில் விளக்கு மாதிரி பாத்துக்கினு இருந்திருக்காங்க. ஒரு சொட்டு எண்ணெய் வெளிய இல்ல."

"உள்ள உக்காந்து கியர் போட்டுப் பாரு."

இருசப்பன் உட்காரவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நுழைத்துக் கியரைத் தள்ளினார். ஒரு காலை மட்டும் கதவு வழியாக நீட்டி கிளட்ச்சை மிதித்தார். பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றாரே தவிர, சீட்டில் உட்காரச் சொன்னதற்கு, "வேணாங்க, கிரீஸ் ஒட்டிக்கும்," என்றார். அதே மனிதர்தான் போன மாதம் அதே பேண்டோடு எங்கள் ஆபீஸ் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்தார். அந்த நாற்காலியை நான் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறோம்," என்றார் சார்.

ராசு சாவியைக் கொடுத்தார். "தாராளமா. சின்னசேலம் பக்கம் போங்க. கிழக்கால மட்டும் வேணாம். மறியல், மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க."

தெருமுனை தாண்டியதும் சார் வண்டியைக் கிழக்கே திருப்பினார்.

"சார், மறியல்னாரே!" என்று பின்சீட்டிலிருந்து தீனதயாளன் அலறினார்.

"படிப்புலயும் வேலையிலயும் இட ஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க மறியல் நடக்குது. சின்னசேலம் ரோட்லயும்தான் மரம் கிடக்குது. அந்தாளு கிழக்கு ரோட்டுக்கு மட்டும் ஏன் பயப்படறான்? வில்லங்கம் அங்கதான் இருக்கு."

இப்படி ஏதாவது சொல்லும்போதுதான் இவரிடம் வேலை பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வரும். சம்பளத் தேதியன்று போய்விடும்.

* * *

எலவனாசூர்கோட்டைக்கு முன்னாலேயே ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. மரத்தின் மேலும் கீழும் ஆட்கள். அந்தப் பக்கம் இரண்டு பஸ்கள், ஒரு சர்க்கார் ஜீப், வரிசையாகக் கரும்பு வண்டிகள். ஜீப்பிலிருந்த அதிகாரி கெஞ்சிக்கொண்டிருந்தார். யாரும் அசையவில்லை.

"திரும்பிடலாங்க," என்றார் தீனதயாளன்.

அதற்குள் மரத்தின் மேல் நின்ற மேல்துண்டு போட்ட தலைவர் எங்களைப் பார்த்துவிட்டார். கண்ணுக்கு மேல் கையை வைத்து இன்னொரு முறை பார்த்தார். அடுத்த நிமிஷம், "தள்ளுங்கடா! வண்டி வருது, நேரம் தவறிடப் போவுது!" என்று சத்தம் போட்டார். பத்துப் பதினைந்து பேர் மரத்தைப் பிடித்து நகர்த்த, ஒரு கார் நுழையுமளவு வழி பிறந்தது. நாங்கள் கடந்ததும் சர்க்கார் ஜீப் அதே வழியில் இந்தப் பக்கம் நுழையப் பார்த்தது. மரத்தைத் திரும்பவும் இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

சார் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார். "ரொம்ப நன்றிங்க. வெயில்ல நிக்கறீங்களே, வந்து உக்காருங்க, ஊர்ல எறக்கி வுடறேன்."

தலைவர் பாம்பை மிதித்தவர் மாதிரி பின்னால் குதித்தார். "ஐயையோ! எனக்கு வூட்ல பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுங்க!"

ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற மீசை அரும்பின வாலிபர்கள் நாலு பேர், எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல், கூடாரம் மடக்கியிருந்ததால் கதவைத் திறக்காமலே தாண்டிக் குதித்து ஏறிக்கொண்டார்கள். அவர்களுக்கு நடுவில் தீனதயாளன் காணாமல் போனார்.

"எங்கப்பா போவணும்?" என்றேன்.

"எங்கியும் இல்லக்கா. சும்மா உக்காரணும்." ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு, சாமி கும்பிடுகிற மாதிரி சீட்டைத் தொட்டு ஒற்றிக்கொண்டான். ஊர் எல்லை வந்ததும் நால்வரும் இறங்கி, சந்தோஷமாக வந்த வழியே நடந்துபோனார்கள்.

சார் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது. "கமலா, தெரிஞ்சுபோச்சு. இது பேய் வண்டி. யாரோ இதுல செத்திருக்காங்க. பெரியவங்களுக்கு விஷயம் தெரியும், அதான் ஏறல. சின்னப் பசங்களுக்குத் தெரியல."

தீனதயாளன் "அம்மா!" என்று இறங்கிவிட்டார்.

"இருங்க சார்," என்றேன். "பேய்னா பயந்துக்கினு வழி வுடுவாங்க, சரி. நேரம் தவறிடப் போவுதுன்னு எதுக்குச் சொல்றாரு? பேய்க்கு இன்னா அவசரம்? அப்புறம், அந்தத் தலைவரு பொண்டாட்டிய எதுக்கு இழுத்தாரு? இருசப்பனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, உக்காரல. தலைவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, உக்காரல. கல்யாணம் ஆவாதவனுங்க ஏறிக் கும்பிடறானுங்க. கல்யாணம் ஆனவனை மட்டும் புடிக்கிற பேய் எந்த ஊர்லயாவது இருக்கா?"

சார் திடீரென்று பின்சீட்டின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினார். விரலில் மஞ்சள் தடவிய அரிசி நாலு வந்தது. இறங்கிக் குனிந்து பம்பருக்கு அடியில் பார்த்தார். அங்கே வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பி வளையங்கள், அவற்றில் காய்ந்துபோன வாழைநார். பின்சீட்டு முதுகின் மேல்விளிம்பு மட்டும், யாரோ அதன் மேலேயே உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்திருந்தது.

"அட்சதை. பூமாலை கட்டற வளையம். கூரையை அறுத்தது ஆளு வெளிய தெரியணும்னு," என்றார் சார், ஒவ்வொன்றாக. "கமலா, இது மாப்பிள்ளை அழைப்பு வண்டி! அந்தத் தலைவர் சொன்னது முகூர்த்த நேரம்!"

மரத்தடியில் மோர் விற்றுக்கொண்டிருந்த அம்மா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "இதக் கண்டுபுடிக்க இம்மா நேரமா? இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லா மாப்ளையும் இதுலதான் ஊர்கோலம் போனாங்க. பந்தல், பூ அலங்காரம் பண்ற ஜோடனைக்காரரு வெச்சிருந்தாரு. அவரே கடைசியில ரெண்டாவது கட்டிக்கினாரு. அவருகிட்ட வாங்கின நெல்லு மிஷின்காரரு, ஒழுங்கா இருந்த மனுஷன், அவரும் ரெண்டாவது கட்டினாரு. அப்பறந்தான் ஊருக்கே தெரிஞ்சுது. மாப்ள வண்டி இல்லியா, ஏறினவன மாப்ள ஆக்காம வுடாது. கல்யாணம் ஆவாதவன் ஏறினா ஒண்ணு. ஆனவன் ஏறினா இன்னொண்ணு. எந்தப் பொம்பள வாங்க வுடுவா?"

"அதான் விலை கம்மி!" என்றேன்.

"ஆமா," என்ற அம்மா, டிரைவர் சீட்டில் திரும்ப ஏறி உட்கார்ந்திருந்த சாரை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

சார் மோரை வாங்கி அவசரமாகக் குடித்தார். புரை ஏறியது.

* * *

"எனக்கு இந்த வண்டி வேணாங்க," என்றார் தீனதயாளன். "கொளஞ்சியப்பனுக்குச் சொந்த ஊரு இந்த எலவனாசூர்கோட்டைதான். பாத்தவொடனே தெரிஞ்சுடும். வாடகை வண்டியில வந்தவன்னு சிரிப்பாங்க."

அப்போதுதான் சார் அந்த வார்த்தைகளைச் சொன்னார். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"வாத்தியாரே, டாக்டர் கார் நடுவழியில நின்னா டாக்டர் ரிக்‌ஷா புடிப்பாரு. பண்ணையார் கார் நின்னா மாட்டக் கட்டி இழுப்பாங்க. மாப்பிள்ளை வண்டி நின்னா? அபசகுனம்! கல்யாணமே நின்னுடும், வண்டிக்காரனைத் தூண்ல கட்டி வெச்சு அடிப்பாங்க. அந்தப் பயத்துலயே இதைக் கண்ணு மாதிரி பாத்திருக்கான். பழைய கார் வாங்கப் போனா பெயிண்டைப் பாக்காதீங்க. இதுக்கு முன்னாடி இது நின்னிருந்தா யாரு அடி வாங்கியிருப்பான்னு பாருங்க. அப்புறம், ஊர்கோலம் ஃபுல்லா முதல் கியர். மலை ஏறவும் முதல் கியர்தான். வேற வண்டிக்கு மலை கஷ்டம். இதுக்கு அதான் பழக்கமே."

தீனதயாளன் யோசித்தார். கணக்கு வாத்தியாராச்சே, கணக்கு சரியாக வந்ததும் தலையாட்டிவிட்டார். ராசுவிடம் போய், "எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல," என்று சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குய்யா இல்லாத டாக்டரைப் பெத்து வளக்கறேன்!"

சாவியை வாங்கிய தீனதயாளன் அதை அப்படியே சாரிடம் நீட்டினார். "இன்னொரு சின்ன விஷயங்க. எனக்கு ஓட்டத் தெரியாது."

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை சார் பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். "மூடநம்பிக்கைக்கெல்லாம் நான் பயப்படறவன் இல்ல, கமலா," என்றார். சட்டைப் பையில் மனைவி சின்னப்பொண்ணு அக்காவின் போட்டோ எட்டிப் பார்த்தது. நான் மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் அக்காவாக, பழத்தட்டோடு முன்சீட்டில்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். சார் சொன்னது சத்தியம். ஒரு வளைவில்கூட வண்டி முனகவில்லை. கூடாரத்தை மடக்கிவிட்டதால் காற்று முகத்தில் அடித்தது. என்னையறியாமல் சிரித்துக்கொண்டே வந்தேன். பின்னால் தீனதயாளன் மட்டும், "கண்டுபுடிச்சுடுவாங்க, கண்டுபுடிச்சுடுவாங்க," என்று ஜபம் செய்தார்.

கரியாலூரில் கொளஞ்சியப்பன் வீட்டு வாசலில், சொந்த ஊரிலிருந்து வந்த உறவுக்கூட்டமே நின்றது. நீலக் காரைப் பார்த்தார்கள். அடுத்த நொடி யாரோ குலவை போட்டார்கள்.

"மாப்ள அழைப்பே வந்துடுச்சுடி! ஆலம் கரைங்க!"

பொம்பளைகள் உள்ளே ஓடினார்கள். தீனதயாளன் பயத்தில் சீட்டுக்குக் கீழே தரையில் ஒடுங்கிவிட்டார். வெளியே தெரிந்த ஒரே ஆண்பிள்ளை, பட்டுக்கரை வேட்டியில், ராஜாங்கம் சார்தான். சார் வாயைத் திறப்பதற்குள் மூன்று சுமங்கலிகள் ஆரத்தித் தட்டில் ஆலம் சுற்றி, நெற்றி கொள்ளாமல் அப்பி, மிச்சத்தைச் சட்டையில் தெளித்துவிட்டார்கள்.

"கமலா!" என்றார் சார், மூழ்குகிறவர் குரலில்.

"சிரிச்ச மாதிரி இருங்க சார்," என்றேன்.

கொளஞ்சியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மீசை துடித்தது. "பொண்ணு பாக்க வரச் சொன்னா ஊர்கோலம் வண்டியிலயே வந்து எறங்கறீங்களா? இன்னா கேலியா? ஆமா, வாத்தியாரு எங்க? நீ யாருய்யா?"

அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது ஒரு பெண் காரைச் சுற்றி வந்தாள். பாவாடை தாவணியில் வருவாள் என்று பார்த்தால், புடவையை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் ஜீப் சாவி. பின்சீட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அவரு இங்க இருக்காரு," என்றாள் எழில்மதி. "ஏங்க, எதாவது வுழுந்துடுச்சா?"

தீனதயாளன் எழுந்து நின்றார். மூக்குக் கண்ணாடி கோணல். எல்லோரையும் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். அழப்போகிறார் என்று பழத்தட்டைத் தள்ளி வைத்தேன். அழவில்லை.

"அன்னிக்கு கார் இருக்குன்னு சொன்னது பொய்ங்க. உங்ககிட்ட பேசணும்னு சொன்னேன். இதை முந்தாநாளுதான் வாங்கினேன். ஊர்கோலம் வண்டின்னு தெரிஞ்சுதான் வாங்கினேன். இது நடுவழியில நிக்காது, அது மட்டும் நெஜம்." கோணல் கண்ணாடியை நேராக்கினார். "எனக்கு கார் ஓட்டவும் தெரியாது."

கொளஞ்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

எழில்மதி மட்டும் தலையைச் சாய்த்து யோசித்தாள். "சுத்தமா தெரியாதா?"

"சுத்தமா."

"கத்துக்கப் போறீங்களா?"

"பயமா இருக்குங்க."

"அப்ப நம்ம வூட்ல எப்பவும் நான்தான் ஓட்டணுமா?"

'நம்ம வூட்ல' என்றதை நான் கவனித்தேன். தீனதயாளன் கவனிக்கவில்லை. "ஆமாங்க," என்றார் தலையைத் தொங்கப்போட்டு.

"அப்பா, எனக்குச் சம்மதம்," என்றாள் எழில்மதி. சாரையும் என்னையும் இறங்கச் சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். "நீங்க மாப்ள உக்கார்ற எடத்துல உக்காருங்க."

அவர் பின்சீட்டின் முதுகு மேல் ஏறி உட்கார்ந்தார். அவளுடைய அம்மா, "தனியாவா போவீங்க?" என்று ஓடிவந்து முன்சீட்டில் தொற்றிக்கொண்டாள். வண்டி பறந்தது. ஒரு சுற்று வந்து எங்களைக் கடந்தது, நிற்காமல் இன்னொரு சுற்று போனது. எழில்மதி வாய்விட்டுச் சிரித்தாள். தீனதயாளன் ஒரு கையால் கூடாரத்தையும் இன்னொரு கையால் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தார்.

"வண்டி நல்ல வண்டியா?" என்று கொளஞ்சியப்பன் சாரைக் கேட்டார்.

"நிக்காதுங்க."

"அதான் பாக்கறனே," என்றார் அவர். மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன.

சாப்பாடு முடிந்தது. மறியலால் பஸ் இல்லை. "ஏறுங்க, கள்ளக்குறிச்சியில எறக்கி வுடறேன்," என்றாள் எழில்மதி. சார் காரைப் பார்த்தார், தன் சட்டையில் சிவப்புச் சிவப்பாய்த் தெறித்திருந்த ஆலத்தைப் பார்த்தார்.

"நான் நடந்தே வரேன்மா. காலுக்கு நல்லது."

"சரி சார்," என்று நான் ஏறிக்கொண்டேன். "நீங்க மலையிலேருந்து நடந்து வரீங்கன்னு அக்கா கிட்ட சொல்லிடறேன்."

சார் நின்றார். "ஏன் நடக்கறேன்னு கேப்பாளே."

"கேப்பாங்க சார்."

"நீ இன்னா சொல்லுவ?"

"நான் பொய் சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத்தான் தெரியுமே சார்."

கள்ளக்குறிச்சி வரும் வரை எழில்மதி ஓட்டினாள், அவள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள், தீனதயாளன் பின்னால் உயரத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில், காலையில் அவர் ஒளிந்திருந்த அதே தரையில், தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, சின்னப்பொண்ணு அக்காவின் போட்டோவை இரண்டு கையாலும் பிடித்தபடி ராஜாங்கம் சார் படுத்திருந்தார்.

"சார், வூடு வந்துடுச்சு," என்று அவர் தெருமுனையில் சொன்னேன்.

"வாசல்ல யாராவது இருக்காங்களா?"

"அக்கா இருக்காங்க சார். உங்களைத்தான் தேடறாங்க."

சார் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். "இன்னொரு ரவுண்டு போவச் சொல்லு," என்றார்.

எழில்மதி சந்தோஷமாகக் கியரை மாற்றினாள்.